சித்ரகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை

எங்கள் லைன் வீடுகளில் மூன்றாவது வீடு சித்ரகலாவுடையது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள் என்பதால் யார் வீட்டில் என்ன ஓடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லா டிவியிலும் ஒரே காமெடி நிகழ்ச்சிதான். கறிக்குழம்பு வாசத்தோடு சிரிப்புச் சத்தமும் சந்து முழுக்க வரும். மூன்றாவது வீட்டில் மட்டும் டிவி சத்தமாக ஓடும், ஆனால் ஆள் சிரிப்பு அபூர்வமாகத்தான் கேட்கும். கேட்டால் இரண்டு பேரின் சிரிப்பும் கேட்கும். முதலில் அவளுடையது, கொஞ்சம் தள்ளி அவள் கணவர் சென்னியப்பனுடையது.

அவளுக்கு வேலை ஒரு பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவில். மேசைமேல் வந்து விழுகிற பனியனை விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் என்று பார்த்துப் பழகிய கண். சரியாக இருந்தால் பாஸ். திருத்த முடிந்தால் ஆல்டர். இல்லையென்றால் ரிஜெக்ட். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், முந்தின நாள் டிவியில் வந்த ஜோக்குகளையும் அவள் அப்படித்தான் பிரிப்பாள். கூட இருக்கும் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

ஆம்பளை சேலை கட்டிக்கொண்டு வந்து அடி வாங்குவது ரிஜெக்ட். பெண்டாட்டி ஊருக்குப் போய்விட்டாள் என்று துள்ளிக் குதிப்பது ரிஜெக்ட். குண்டாக இருக்கிற பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டு, மேடை தாங்குமா என்று கேட்பவனை அந்த மேடையோடு சேர்த்து ரிஜெக்ட். நடுவர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து, பக்கத்தில் இருப்பவர் முதுகில் ஓங்கி அடித்துச் சிரிப்பதைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. முந்தாநாள் போட்டியாளராக வந்தவன்தான் இன்றைக்கு நடுவர், அவனுக்கு முன்னால் ஆடுபவன் நாளைக்கு நடுவர், இவர்களுக்குள்ளேயே சிரித்துக்கொள்ள நாம் எதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பாள். விவாத நிகழ்ச்சிகளைப் பற்றி இன்னும் கடுமையாகப் பேசுவாள். ஒரு பெண் உண்மையாக ஏதாவது சொல்லத் தொடங்கும்போதுதான் தொகுப்பாளருக்கு ஜோக் தோன்றும், இல்லாவிட்டால் அழுகிற பாட்டைப் போட்டுவிடுவார்கள், வாக்கியத்தை முடிக்க விடுவதில்லை என்பாள்.

மகள் தமிழ்மதி காலேஜில் படிக்கிறாள். வெளிநாட்டில் ராத்திரி நேரத்தில் கோட்டுப் போட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேலி பேசுகிறவர்களை அவள் போனில் பார்ப்பாள். ஒருநாள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். சித்ரகலா கவனமாகப் பார்த்துவிட்டு, "அவன் அவனுக்கு மேல உக்காந்திருக்கறவனக் கேலி பண்றான் கண்ணு. நம்மாளுக கீழ உக்காந்திருக்கறவனத்தான் தேடிப் புடிக்கறாங்க" என்றாள். ஆனாலும் அந்த ஆளுக்கும் ஆல்டர்தான் கொடுத்தாள். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிறானாம்.

இத்தனை கறாருக்கு ஒரு காரணம் உண்டு. சென்னியப்பன் சின்ன வயதிலிருந்து பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவில் நின்றவர். அந்த ஹாலுக்குள் போனால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. வருஷக்கணக்கில் அங்கே நின்றதில் அவர் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. முகத்துக்கு நேராக நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மெஷின் ஹாலில் எல்லாருமே சைகையில் பேசுவதால் அங்கே யாருக்கும் இது தெரியவில்லை. தெரியக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காது கேட்காதவனை நம்பி ஓடுகிற மெஷினை யார் விடுவார்கள்? வேறு வேலை அவருக்குத் தெரியாது. அதனால் மனைவியிடமும் மகளிடமும் வெளியில் மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

டிவி பார்க்கும்போது அவர் நேராக உட்கார மாட்டார். கொஞ்சம் சாய்ந்து, டிவியும் தெரிய வேண்டும், சித்ரகலாவின் முகமும் தெரிய வேண்டும் என்கிற மாதிரி உட்காருவார். அவள் சிரித்தால் ஜோக் வந்துவிட்டது என்று அர்த்தம். அவரும் சிரிப்பார். அப்புறம் அவள் திரும்பி, என்ன ஜோக் என்று உதட்டசைத்துச் சொல்வாள். நல்ல ஜோக்காக இருந்தால் இரண்டாவது முறையும் சிரிப்பார். இதனால்தான் அவள் சும்மா சிரிப்பதில்லை. மொக்கை ஜோக்குக்கு அவள் பல்லைக் காட்டிவிட்டால் அந்த மனுஷனும் ஒன்றுமில்லாததற்குச் சிரித்துவிடுவார்.

அவளோடு செக்கிங்கில் இருக்கும் இந்துமதி, சாப்பாட்டு நேரத்தில் அவள் பேசுவதை ஒருநாள் போனில் எடுத்து வெளியே விட்டாள். அதைப் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு சேனலில் கூப்பிட்டார்கள். வாரா வாரம் இரண்டு பக்கமும் ஆட்களை உட்கார வைத்துப் பேச வைக்கும் நிகழ்ச்சி. அந்த வாரம் டிவி காமெடிக்கு விழுந்து விழுந்து சிரிப்பவர்கள் ஒரு பக்கம், சிரிப்பே வரவில்லை என்பவர்கள் எதிர்ப் பக்கம். சித்ரகலா ஒரு வாரம் யோசித்தாள். கடைசியில், இத்தனை நாள் நாம் டிபன் பாக்ஸ் முன்னால் கத்தியதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரலாமே என்று மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

நன்றாகத்தான் பேசினாளாம். தமிழ்மதி சொன்னாள். சேலை கட்டிய ஆம்பளை, குண்டுப் பெண், நாற்காலியிலிருந்து விழும் நடுவர் எல்லாவற்றையும் வரிசையாகப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். எதிர்ப் பக்கத்தில் இருந்தவர்களே கைதட்டியிருக்கிறார்கள். தொகுப்பாளருக்கு அவள் பேசிய விஷயத்தைவிட அவள் வாயில் வரும் 'ங்க' பிடித்துப்போய்விட்டது. அவரும் ஏனுங்க, என்னங்க என்று இழுத்து இழுத்துப் பேச ஆரம்பித்தார். அப்புறம், உங்கள் வீட்டில் யாரோடு உட்கார்ந்து டிவி பார்ப்பீர்கள் என்று கேட்டார்.

"எங்கூட்டுக்காரருகூடத்தானுங்க. அவரு எம் மூஞ்சியப் பாத்துத்தானுங்க சிரிப்பாரு. நான் சிரிச்சாத்தான் சிரிப்பாரு."

"அப்போ சிரிக்கறதுக்கே உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"ஆமாங்க..."

"நீங்க முறைச்சா வாயை மூடிக்குவாரா?"

"ஆமாங்க... அப்புடியில்லீங்க, அவருக்குக் காது செரியாக் கேக்காதுங்க" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆமாங்க என்பது சம்மதம் அல்ல. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்று காட்டுகிற மரியாதை அது. நிலத்தை விற்கச் சொல்லி வருகிறவனிடமும் ஆமாங்க, ஆமாங்க என்றுதான் கேட்பார்கள். கடைசியில், அப்படியில்லீங்க என்று தொடங்கி ஒரேயடியாக மறுப்பார்கள். இங்கே பிறந்தவர் யாரும் அந்த முதல் ஆமாங்கவைப் பிடித்துக்கொண்டு கிரயம் எழுத வர மாட்டார்.

மேடையிலிருந்து இறங்கியதும்தான் அவளுக்கு உறைத்தது. ஊர் முழுக்கப் பார்க்கப்போகிற இடத்தில் அவர் காதைப் பற்றிச் சொல்லிவிட்டோமே. அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பிடித்துக் கெஞ்சினாள். அந்தக் காது விஷயம் மட்டும் வரவே கூடாது, அவர் வேலைக்கே ஆபத்து என்றாள். அந்தப் பெண்ணும் நல்லவிதமாகவே பேசி, எடுத்துவிடுகிறோம், கவலைப்படாதீர்கள் என்று அனுப்பி வைத்தாள்.

சொன்னபடியே எடுத்துவிட்டார்கள். அதுதான் கொடுமை.

ஒளிபரப்பான அன்றைக்குச் சென்னியப்பன் ஷிஃப்டுக்குப் போயிருந்தார், நாங்கள் எல்லாரும் அவள் வீட்டில்தான் கூடியிருந்தோம். சேலை கட்டிய ஆம்பளையைப் பற்றி அவள் பேசியது வரவில்லை. குண்டுப் பெண்ணைப் பற்றியும் வரவில்லை. நடுவர்கள் வரவே இல்லை. வந்தது இவ்வளவுதான். அவரு எம் மூஞ்சியப் பாத்துத்தானுங்க சிரிப்பாரு. பர்மிஷன் வாங்கணுமா? ஆமாங்க. முறைச்சா வாயை மூடிக்குவாரா? ஆமாங்க. டண்டணக்கா என்று ஒரு சத்தம். எதிர்ப் பக்கம் கொல்லென்று சிரிக்கிறது. எப்போதோ எடுத்த அவள் முறைப்பு ஒன்றைப் பெரிதாக்கி, அதன்மேல் நெருப்பு எரிகிற மாதிரி படம் வேறு. காதை எடுத்தபோது, 'அப்புடியில்லீங்க' என்று அவள் மறுத்ததும் கூடவே போய்விட்டது.

மறுநாளே அது துண்டாக எல்லார் போனிலும் வந்தது. 'சிரிக்கவும் பர்மிஷன்!' என்று தலைப்பு. பாஸ், ஆல்டர், ரிஜெக்ட் என்று அத்தனை நாள் ஜோக்குகளைப் பிரித்தவள், கடைசியில் பெண்டாட்டிக்குப் பயந்த புருஷன் என்கிற அரதப் பழசான ஜோக்குக்குள் தன் கையாலேயே தன் புருஷனை உட்கார வைத்துவிட்டாள். அந்த ஜோக்கை எழுத அவர்களுக்கு ஒரு ஆள்கூடத் தேவைப்படவில்லை. வெட்டினால் போதுமாக இருந்தது.

அவள் சேனலுக்குப் போன் செய்தாள். அதே பெண்தான் பேசினாள். நீங்கள் கேட்டதைத்தானே செய்தோம் என்றாள். அது உண்மைதான். அப்புறம் அந்தப் பெண் ஒரு யோசனை சொன்னாள்: "வேணும்னா காது மேட்டரோட ஃபுல்லா போடலாம் மேடம். செம எமோஷனலா இருக்கும். சாரையும் கூட்டிட்டு வாங்க, ஸ்டேஜ்ல வெச்சு ஒரு காது மிஷின் மாட்டி விட்டுடலாம்." ஒன்று அவரைக் காட்டிச் சிரிப்பார்கள், இல்லையென்றால் அவரைக் காட்டி அழுவார்கள். மூன்றாவதாக ஒன்று அவர்களிடம் இல்லை. சித்ரகலா போனை வைத்துவிட்டாள்.

சென்னியப்பனுக்கு அவள் விஷயத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருந்தாள். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதை, பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று கேலியாகப் போட்டிருக்கிறார்கள் என்றாள். போனில் படம் பார்த்தார், சத்தம் அவருக்குக் கேட்காது. இவள் கொதித்துக்கொண்டிருந்தபோது அவர் நிதானமாகச் சொன்னார்: "பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க உடு அம்மணி. காது போனவன்னு தெரிஞ்சாத்தான் வம்பு. இதுவும் ஒரு மறைப்புத்தான்." கேலியைத் திரைச்சீலை மாதிரி இழுத்து விட்டுக்கொண்டார். யூனிட்டில் டீ நேரத்தில் பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ சொன்னார்கள். அவர் சிரித்த முகமாக நின்றார். என்ன சொன்னார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே இருந்த இந்துமதியின் தம்பி மூலமாக இவளுக்குத் தெரியும்.

அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஜோக் பொய் என்று சொல்ல வேண்டுமானால் காதைச் சொல்ல வேண்டும். காதை மறைக்க வேண்டுமானால் ஜோக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஜோக்குகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒருமுறை நான் கேட்டதற்கு, "எம்பட மூஞ்சியே ரிஜெக்ட் ஆயிருச்சு, போக்கா" என்றாள்.

ஆயுத பூஜை வந்தது. சென்னியப்பன் வேலை செய்யும் நிட்டிங் யூனிட்டில் வருஷா வருஷம் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைத்து, பொரி, கடலை, ஒரு பாத்திரம் என்று கொடுப்பார்கள். முதலாளி ஈஸ்வரமூர்த்தி பழைய மனுஷர், பூஜை முடிந்ததும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மைக்கைப் பிடித்தவன் அவர் மகன் சுரேந்தர். கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். டிவி பார்த்து வளர்ந்த பையன். மைக் கையில் வந்தால் யாரையாவது கேலி செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவன் அந்த நிகழ்ச்சித் தொகுப்பாளரைப் போலவே இழுத்து இழுத்துப் பேசினான். நம் யூனிட்டிலும் ஒரு டிவி ஸ்டார் இருக்கிறார் என்றான். சென்னியப்பன் பொரிப் பொட்டலத்தோடு மெஷின் பக்கம் நின்றிருந்தார்.

"சென்னியப்பண்ணா, சிரிக்கலாமுங்களா? ஊட்ல கேட்டுட்டு வந்தீங்களா?"

எல்லாரும் திரும்பிப் பார்ப்பதை அவர் கண்டார். மைக் சுரேந்தரின் உதட்டை மறைத்திருந்ததால், தன் பெயர் வந்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. என்ன என்று தெரிந்துகொள்ள, வழக்கம்போல் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சித்ரகலாவைப் பார்த்தார். ஹாலே அதிரச் சிரித்தது. படத்தில் பார்த்தது நேரில் அப்படியே நடந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றான் சுரேந்தர். "அக்கா, சித்தெ சிரிச்சுருங்க. அண்ணன் பாவம், வெயிட் பண்றாரு."

அவள் லேசாக உதட்டைப் பிரித்திருந்தால் போதும். அவரும் சிரித்திருப்பார். பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அந்த நொடியில் தனக்கும் அதுதான் தோன்றியது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாளாம். இவள் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருந்த முகம். தன்னையே கேலி செய்கிறார்கள் என்று தெரியாமல் அந்த மனுஷன் சிரிக்கும்படி, அதுவும் அவள் முகத்தைப் பார்த்து, எப்படிச் செய்வது? அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவருக்குக் குழப்பமாகிவிட்டது. அவள் முகத்தில் பதில் இல்லை. சுற்றிலும் சிரிப்பு. இரண்டடி முன்னால் வந்து கேட்டார். சத்தம் எவ்வளவு என்று தெரியாதவர் குரல், ஹாலின் கடைசி வரைக்கும் போனது.

"என்ன சொல்றாங்க கலா? எனக்குக் காதுல உழுகலை."

சிரிப்பு ஓரம் ஓரமாக நின்றது. மைக்கில் அத்தனை சத்தமாகப் பேசியது காதில் விழவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று ஒவ்வொருவருக்காகப் புரிய ஆரம்பித்தது. ஈஸ்வரமூர்த்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சும்மா ஒரு காமெடிக்குத்தானுங்கக்கா" என்றான் சுரேந்தர், மைக்கை இறக்கிக்கொண்டு.

"காமெடின்னா எங்களுக்கும் சிரிப்பு வரோணுமல்லங்க தம்பி" என்றாள் சித்ரகலா.

பேச வேண்டியதை எல்லாம் அவர் கேள்வியே பேசிவிட்டது.

லீவு முடிந்து போனபோது ஈஸ்வரமூர்த்தி அவரைக் கூப்பிட்டார். தன்மையாகத்தான் பேசினார். எதிரில் உட்கார வைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மெஷினில் இனிமேல் வேண்டாம், துணி ரோல் எடை போடுகிற இடத்தில் நின்றுகொள்ளுங்கள், உங்கள் நல்லதுக்குத்தான் என்றார். வேலை போகவில்லை. ஆனால் மெஷினைப் பார்த்துக்கொண்ட ஆள் ரோல் தள்ளுகிற ஆளாகிவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியவர், சித்ரகலாவின் பக்கமே திரும்பவில்லை. திரும்பாவிட்டால் அவள் சொல்வது எதுவும் அவருக்குக் கேட்காது. இரண்டு நாள் முகத்தை அப்படியே திருப்பி வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் தானாகவே திரும்பினார். "நீ சித்தெ சிரிச்சிருந்தீன்னா அன்னிக்கே முடிஞ்சிருக்குமல்ல?"

"எதுக்குச் சிரிக்கச் சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது. அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது, இத்தனை நாளும் அவரிடம் எதையுமே முழுசாகச் சொல்லவில்லை என்று. அவரை எதிரில் உட்கார வைத்தாள். தொகுப்பாளர் கேட்டது, தான் ஆமாங்க என்றது, அப்புடியில்லீங்க என்றதை வெட்டியது, அதன்மேல் போட்ட டண்டணக்கா, நெருப்பு, தலைப்பு, மேடைக்கு வந்தால் காது மிஷின் மாட்டுகிறோம் என்று சேனல் பெண் சொன்னது, சுரேந்தர் மைக்கில் சொன்னது எல்லாவற்றையும் உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள். யூனிட்டில் பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னதையும் சொன்னாள். ராத்திரியில் எதற்கெல்லாம் பர்மிஷன் வாங்குவாராம் என்று அவர்கள் பேசியதைச் சொல்லும்போது அவளுக்கே நாக்கு கூசியது. தமிழ்மதி எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

சென்னியப்பன் அதிர்ந்து பேசி நாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்குச் சந்து முழுக்கக் கேட்டது.

"இதையா நான் இத்தனை நாளாப் பல்லைக் காட்டிட்டு நின்னுட்டிருந்தேன்? கூப்புடு அந்த டிவிக்காரப் புள்ளைய. இனி என்ன மறைக்கக் கெடக்குது?"

சித்ரகலா போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அந்தப் பக்கம் சொல்லுங்க மேடம் என்றது.

"நான் சென்னியப்பன் பேசறனுங்க. எனக்குக் காது கேக்காது, அதனால நீங்க பேசறது கேக்காது, நான் சொல்றத மட்டும் கேளுங்க. என்ற பொண்டாட்டி சொன்னதுல பாதிய வெட்டிப்போட்டீங்க. மீதி ஓடிட்டிருக்கறதையும் எடுத்துருங்க. உங்க மேடையும் வேண்டாம், மிஷினும் வேண்டாம். அவ சேலை கட்டற ஆம்பளையப் பத்திப் பேசுனாளே, குண்டா இருக்கற புள்ளையப் பத்திப் பேசுனாளே, அதப் போடறதுக்கு உங்களுக்குத் தெம்பில்லை..."

அந்தப் பெண் நடுவில் சார், சார் என்றாள். ஒரு நிமிஷம் சார் என்றாள். நீங்க சொல்றது புரியுது சார் என்றாள். வேறு யாரோ ஒரு ஆள் போனை வாங்கி ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை, அவர் நிறுத்தவும் இல்லை. கை மாற்றிப் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற சித்ரகலாவும், நிறுத்தச் சொல்லி அவருக்குச் சைகை காட்டவில்லை.